மலைவீட்டுக்கு எந்த ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்): ஒரே பெட்டியா, இரண்டு பெட்டிகளா?

சிடி பிளேயர், டிவி, ஃபோன் ஆகியவற்றிலிருந்து வரும் சிக்னல்களில் வேண்டியதைத் தேர்ந்து ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் பகுதி ப்ரீ ஆம்ப். அந்த மெல்லிய சிக்னலுக்கு ஸ்பீக்கரை இயக்கும் வலுவைத் தருவது பவர் ஆம்ப். இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் அது இன்டகிரேட்டட் ஆம்ப், தனித்தனிப் பெட்டிகளாக இருந்தால் செபரேட்ஸ். குன்னூரிலோ கோத்தகிரியிலோ முதன்முதலாக ஸ்டீரியோ அமைப்பவருக்கு ஒரே பெட்டியே பொருத்தம் என்பது என் முடிவு. அதை நீங்களே சரிபார்க்கும் வழி இது.

முதலில், அறையையும் ஸ்பீக்கரையும் பாருங்கள். குளிருக்கு அஞ்சிக் கட்டிய நம் வீடுகளில் கூடம் பெரும்பாலும் சிறியது. ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி 87 டெசிபல் என்றால், 1 வாட் கொடுக்கும்போது 1 மீட்டர் தொலைவில் அவ்வளவு ஒலி கேட்கும் என்று பொருள். எட்டடி தள்ளி அமர்ந்து பாட்டுக் கேட்கையில் பெரும்பாலான நேரம் ஓரிரு வாட்டுக்கு மேல் செலவாவதில்லை. தவிலின் திடீர் அடிகளுக்காகக் கையிருப்பு வேண்டும். அதற்கு 50 வாட் போதும். அதை 100 வாட்டாக இரட்டித்தாலும் கூடுவது 3 டெசிபல்தான். கூடம் மிகப் பெரிதாகவோ, ஸ்பீக்கரின் மின்தடை (இம்பீடன்ஸ்) 4 ஓமுக்கும் கீழே இறங்குவதாகவோ இருந்தால் மட்டும் தனிப் பவர் ஆம்பை எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது ஈரம். ஐப்பசி மழையில் இங்கே அலமாரித் துணியே பூஞ்சை பிடிக்கிறது. பெட்டிகளை இணைக்கும் கேபிளின் முனைகளான ஆர்சிஏ பின்கள் தப்புமா? பெட்டி கூடினால் இணைப்புகளும் கூடும், ஒவ்வோர் இணைப்பும் களிம்பு ஏறக்கூடிய ஓர் இடம். இரண்டு பெட்டிகளுக்கு இரண்டு மின் இணைப்புகளும் வேண்டும். என் பழைய செபரேட்ஸை வெவ்வேறு சுவர் சாக்கெட்டுகளில் செருகியிருந்ததால் எர்த் வழியாகச் சுற்று உண்டாகி, பாட்டுக்கு அடியில் ஓயாத ‘உம்ம்’ ஓசை கேட்டது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுக்கு மாற்றிய பிறகே அது அடங்கியது. எர்த் பின்னைப் பிடுங்கிவிட்டால் சரியாகிவிடும் என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். அது உயிருக்கே ஆபத்து.

ஈரத்துக்கு அஞ்சி ஆம்பைக் கண்ணாடி அலமாரிக்குள் அடைப்பதும் தவறு. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அது வெப்பத்தை வெளியே கொண்டுசெல்லும் திறனும் அதற்கேற்பக் குறையும். மேலே நான்கு விரற்கடையாவது இடம் விடுங்கள்.

செபரேட்ஸுக்கும் நியாயம் உண்டு. பவர் ஆம்பின் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் தனிப் பெட்டியில் இருப்பதால், அதன் காந்தப்புலம் ப்ரீ ஆம்பின் மெல்லிய சிக்னலை எளிதில் தொடாது. பழுதானால் ஒரு பெட்டியை மட்டும் கோயம்புத்தூருக்கு இறக்கினால் போதும், ஆனால் அது பவர் ஆம்பாக இருந்தால் முதுகு தாங்க வேண்டும்.

கடைசியாக, வாங்கும் இன்டகிரேட்டட் ஆம்பின் பின்புறத்தில் ப்ரீ-அவுட், அதாவது ப்ரீ ஆம்பின் சிக்னலை வெளியே எடுக்கும் துளை, இருக்கிறதா என்று பாருங்கள். 1978-இல் வந்த, 20 வாட்டே கொண்ட நேட் (NAD) 3020 என்ற இன்டகிரேட்டட் ஆம்பில் ப்ரீ-அவுட்டையும், பவர் ஆம்புக்குச் சிக்னல் நுழையும் மெயின்-இன்னையும் ஒரு சிறு உலோகத் துண்டு இணைத்திருக்கும். அதைக் கழற்றி, ப்ரீ-அவுட்டிலிருந்து ஒரு கேபிளை இழுத்துத் தனிப் பவர் ஆம்பில் செருகிவிடலாம். இந்த வசதி இருந்தால், பெரிய ஸ்பீக்கர் வாங்கும் நாளில் பழைய பெட்டியே ப்ரீ ஆம்பாக வேலை செய்யும்.