மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கக் கூடாது

கைப்பேசியில் சொற்களைச் சுருக்கி எழுதும் வழக்கம் வேரூன்றியதற்கு இடப்பற்றாக்குறையும் ஒரு காரணம். ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலமானால் 160 எழுத்துகளும், தமிழானால் 70 குறிகளும் மட்டுமே அடங்கும். கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுவதால் தமிழுக்குக் கிடைக்கும் இடம் இன்னும் குறைவு. மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் அந்த நெருக்கடி இல்லாததால், சுருக்குவதற்கு முன் பார்க்க வேண்டியது, படிப்பவருக்கு அது உடனே விளங்குமா என்பதைத்தான்.

கி.மீ., ரூ., எ.கா. ஆகியவை எல்லோருக்கும் விளங்கும். கி.நி.அ. என்பது வருவாய்த் துறையினருக்குள் போதும், பொதுமக்களுக்கு எழுதும்போது முதல் இடத்தில் ‘கிராம நிர்வாக அலுவலர் (கி.நி.அ.)’ என்று விரித்துவிட்டு, பிறகு சுருக்கத்தைக் கையாளுங்கள்.

நாளையும் நேரத்தையும் குறிப்பதில்தான் மிகுந்த கவனம் தேவை. 03/04 என்று எழுதினால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. ‘ஐஎஸ்டி’ என்பது இந்திய நேரத்தை மட்டுமல்லாமல் அயர்லாந்தின் கோடைகால நேரத்தையும் குறிக்கும். இரண்டுக்கும் இடையே நான்கரை மணி நேர வேறுபாடு உண்டு. ‘இஓடி’ (அன்றைய நாள் முடிவதற்குள்) என்று முடித்தால், சென்னையில் மாலையாகும்போது நியூயார்க்கில் அன்றைய வேலையே தொடங்கியிருக்காது. எனவே வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு, ‘ஏப்ரல் 3, வெள்ளிக்கிழமை, இந்திய நேரம் மாலை 5 மணி’ என்று முழுமையாக எழுதுவதே பாதுகாப்பானது.

வேலை கேட்கும் மடலில் சுருக்கம் எளிதில் அதட்டலாக ஒலிக்கும். ‘பிஎஃப்ஏ. ஏஎஸ்ஏபி பார்த்து ரிப்ளை பண்ணவும்’ (இணைப்பைப் பார்க்கவும், கூடிய விரைவில் பதில் தரவும்) என்பதற்குப் பதிலாக, ‘மே மாத வரவு செலவு அறிக்கையை இணைத்துள்ளேன். மூன்றாம் பக்கத்திலுள்ள போக்குவரத்துச் செலவு சரிதானா என்று வியாழன் மாலைக்குள் பார்த்துச் சொன்னால், வெள்ளியன்று தணிக்கையாளருக்கு அனுப்பிவிடுவேன்’ என்று எழுதிப் பாருங்கள். என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள், ஏன் என்ற மூன்றும் தெரிந்துவிட்டால் பெறுபவர் மறுகேள்வி கேட்க வேண்டியிருக்காது.

1995இல் வெளியான ஆர்எஃப்சி 1855 என்னும் இணைய நடத்தை வழிகாட்டி, ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலேயே எழுதுவது கத்துவதைப் போல் தோன்றும் என்று எச்சரித்தது. தமிழில் பெரிய எழுத்து இல்லை. அந்த வேலையை வரிசையாக இடும் ஆச்சரியக்குறிகள் செய்துவிடுகின்றன. ஒன்று போதும்.

இரங்கலைச் சுருக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. இறப்புச் செய்திக்குக் கீழே வரிசையாக வந்து விழும் ‘ஆர்ஐபி’ (அமைதியில் இளைப்பாறுக) அந்தக் குடும்பத்தாரிடம் பேசுவதில்லை. ‘அப்பாவின் மறைவு அறிந்து மிகவும் வருந்துகிறேன். நாளைக் காலை வீட்டுக்கு வருகிறேன், அண்ணா’ என்று எழுத அரை நிமிடம்கூட ஆகாது. இயன்றால் அதைக் குழுவில் இடாமல் தனியாகவே அனுப்புங்கள்.

மின்னஞ்சலில் சிசி, பிசிசி என்னும் இரண்டு சுருக்கங்களின் வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது அவசியம். சிசியில் உள்ளவர்களின் முகவரி எல்லோருக்கும் தெரியும். பிசிசியில் உள்ளவர்களின் முகவரி மற்றவர்களுக்குத் தெரியாது. குடியிருப்போர் சங்க அறிவிப்பைப் போல, ஒருவரையொருவர் அறியாத பலருக்கு ஒரே மடலை அனுப்பும்போது, அனைவரையும் பிசிசியில் சேர்த்து, பெறுநர் இடத்தில் உங்கள் முகவரியையே இட்டு அனுப்புங்கள்.