சினர்ஜிக் கணக்கில் நிறுவனங்கள் தவறும் இடங்கள்

இரண்டு நிறுவனங்கள் தனித்தனியாக ஈட்டுவதைவிடச் சேர்ந்து கூடுதலாக ஈட்டும் பலன்தான் சினர்ஜி. செலவு குறையலாம், விற்பனை கூடலாம், கடன் மலிவாகக் கிடைக்கலாம். அந்தப் பலன் யாருக்குப் போய்ச் சேரும் என்று பார்க்காமலே விலை பேசி முடிப்பதுதான் இதில் மிகப் பெரிய தவறு.

சந்தையில் 100 மதிப்புள்ள நிறுவனத்தை 130 கொடுத்து வாங்குவதாக வைத்துக்கொள்வோம். கூடுதலாகக் கொடுக்கும் 30, அதாவது பிரீமியம், இன்னும் வராத சினர்ஜிக்காக விற்பவர்கள் கைக்கு முதல் நாளே போய்விடுகிறது. வரி போக ஆண்டுக்கு 5 மிச்சமாகும், அது காலமெல்லாம் தொடரும் என்கிறது திட்டம். வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் காட்டும் தள்ளுபடி விகிதம் 10 சதவீதம் என்றால், அதன் இன்றைய மதிப்பு 50. அப்படியானால் லாபம் 20 என்று தோன்றும். ஆனால் முதல் மிச்சம் மூன்றாம் ஆண்டு முடிவில்தான் வரும் என்றால் அந்த 50, சுமார் 41 ஆகச் சுருங்குகிறது. மென்பொருளை மாற்றுவது, வேலை இழப்பவர்களுக்கு இழப்பீடு தருவது என்று இணைப்புச் செலவு 8 ஆனால், மிஞ்சுவது 33. பிரீமியம் போக நிற்பது வெறும் 3. இன்னும் ஓராண்டு தாமதமானால் அதுவும் போய் நஷ்டம்தான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் எந்த இயக்குநர் குழுவும் ஒப்புதல் தரக் கூடாது.

செலவு மிச்சத்தையும் விற்பனை உயர்வையும் ஒரே நம்பிக்கையோடு எழுதுவது அடுத்த தவறு. இரண்டு தலைமையகங்களில் ஒன்றை மூடுவது நம் கையில் இருக்கிறது. வாடிக்கையாளரும் விநியோகஸ்தரும் அப்படி இல்லை. 1994இல் அமெரிக்க உணவு நிறுவனமான குவேக்கர் ஓட்ஸ், ஸ்னாப்பிள் பான நிறுவனத்தை 170 கோடி டாலருக்கு வாங்கியது. குவேக்கரின் விளையாட்டு பானமான கேட்டரேட், கிடங்குகள் வழியாகப் பெரிய அங்காடிகளுக்குப் போனது. ஸ்னாப்பிளோ சுயேச்சையான விநியோகஸ்தர்கள் மூலம் சிறு கடைகளுக்குப் போனது. விநியோகஸ்தர்கள் பெரிய அங்காடிகளைக் குவேக்கரிடம் விட்டுவிட்டு, பதிலுக்குக் கேட்டரேடைச் சிறு கடைகளுக்கு எடுத்துச் செல்வார்கள் என்பது திட்டம். காகிதத்தில் அருமையாக இருந்தது. நல்ல லாபம் தந்த வியாபாரத்தை விட்டுக்கொடுக்க அவர்கள் மறுத்துவிட்டார்கள். 1997இல் குவேக்கர் ஸ்னாப்பிளை 30 கோடி டாலருக்கு விற்றது. அந்த விநியோகஸ்தர்களிடம் முன்பே மனம்விட்டுப் பேசியிருந்தால் இது தெரிந்திருக்கும்.

தொழில்நுட்பம் பொருந்துமா என்பதை வாங்கிய பிறகு ஆராய்வதும் அதே வகைதான். 2005இல் இணைந்த அமெரிக்கக் கைப்பேசிச் சேவை நிறுவனங்களான ஸ்பிரிண்டும் நெக்ஸ்டெலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத சிடிஎம்ஏ, ஐடென் என்ற இருவேறு தொழில்நுட்ப வலையமைப்புகளை வைத்திருந்தன. ஐடென் மூடப்பட்டது 2013இல்தான். அதுவரை இரண்டையும் பராமரிக்க வேண்டியிருந்தது.

இணைப்பால் வரும் இழப்பைப் பலரும் எழுதுவதே இல்லை. குழப்பத்தில் வெளியேறும் திறமையான ஊழியர்கள், இரு நிறுவனங்களிடமும் வாங்கிவந்து இனி ஒரு பங்கை வேறொருவருக்கு மாற்றும் வாடிக்கையாளர்கள் எல்லாம் கழித்தல் பக்கத்தில் வர வேண்டும்.

இணையாவிட்டாலும் நடந்திருக்கக்கூடிய சிக்கனத்தைச் சினர்ஜி என்று எழுதுவதும் உண்டு. விற்கும் நிறுவனம் ஏற்கெனவே மூடத் தீர்மானித்த ஆலையின் மிச்சம், அதன் தற்போதைய பங்கு விலையிலேயே அடங்கியிருக்கலாம். அதற்கு மறுபடியும் பிரீமியம் கொடுப்பது ஒரே பொருளுக்கு இருமுறை பணம் கட்டுவதாகும். ஆகவே சினர்ஜிப் பட்டியலின் ஒவ்வொரு இனத்துக்கும் எதிரே பொறுப்பாளர் பெயரையும் தேதியையும் எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுத முடியாத இனங்களை நீக்கிவிட்டு விலை பேசுங்கள்.