செஸ்: விதிகள் தெரிந்த பிறகு என்ன செய்வது?

காய்கள் எப்படி நகரும் என்று தெரியும். காஸ்லிங் தெரியும், செக்மேட் என்றால் என்னவென்று தெரியும். ஆனாலும் போனில் ஆட உட்கார்ந்தால் தோல்விதான் அதிகம். அந்த இடத்தில் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இந்தக் கட்டத்தில் பலரும் யூடியூபில் ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள் பற்றிய வீடியோக்களைத் தேடிப் போகிறார்கள். சிசிலியன், லண்டன், கிங்ஸ் இந்தியன் என்று பெயர்கள் சேரும், ஆட்டம் மாறாது. ஏனென்றால் புதியவர்களின் ஆட்டம் ஓப்பனிங்கில் முடிவாவதில்லை. யாரோ ஒருவர் சப்போர்ட் இல்லாத, அதாவது வெட்டுப்பட்டால் திருப்பி வெட்ட வேறு காய் இல்லாத கட்டத்தில் ஒரு குதிரையை வைக்கிறார், மற்றவர் அதைச் சும்மா வெட்டிவிடுகிறார். அப்புறம் நடப்பதெல்லாம் அதன் தொடர்ச்சி. ஆகவே முதலில் சரிசெய்ய வேண்டியது பார்வையை. கீழே உள்ள படிகள் எல்லாமே அதைச் சுற்றித்தான்.

படிக்கும்போது பக்கத்தில் ஒரு போர்டு இருக்கட்டும். வெள்ளை ஆடுபவருக்கு இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச். அவர் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை 1 முதல் 8. மந்திரி என்று சிலர் ராணியையும் சிலர் பிஷப்பையும் சொல்வதால், குழப்பம் வேண்டாமென்று பிஷப் என்றே எழுதுகிறேன்.

படி 1: காய்களின் விலை

சிப்பாய் 1, குதிரை 3, பிஷப் 3, யானை 5, ராணி 9. வெட்டிக்கொள்ளும்போது லாபமா நஷ்டமா என்று கணக்குப் போட இவ்வளவு போதும். ஒரு பிஷப்பும் குதிரையும் கொடுத்து ஒரு யானையும் சிப்பாயும் வாங்கினால் கணக்கு ஆறுக்கு ஆறு என்று சமமாகத் தெரியும். ஆனால் ஆட்டத்தின் நடுவில் பெரும்பாலும் அந்த இரண்டு காய்கள்தான் அதிக வேலை செய்யும். இப்போதைக்கு இந்த அளவு தெரிந்தால் சரி.

படி 2: ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மூன்று கேள்விகள்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எதிராளி நகர்த்தியதும் முதல் கேள்வி: இந்த நகர்த்தலால் என்ன மாறியது? அந்தக் காய் இப்போது எதைக் குறிவைக்கிறது, அது விலகியதால் பின்னால் நின்ற எந்தக் காய்க்கு வழி திறந்தது?

இரண்டாவது கேள்வி: என் காய்களில் எது சப்போர்ட் இல்லாமல் நிற்கிறது?

மூன்றாவது, கையை நீட்டும் முன்: நான் நினைத்ததை ஆடிவிட்டால் எதிராளியால் எங்கே செக் வைக்க முடியும், எதை வெட்ட முடியும்?

ஒரு உதாரணத்தில் பார்த்தால்தான் இது புரியும். வெள்ளைச் சிப்பாய் இ4, கருப்புச் சிப்பாய் இ5. வெள்ளைக் குதிரை எஃப்3, கருப்புக் குதிரை சி6. வெள்ளை பிஷப் சி4, கருப்பின் இன்னொரு குதிரை எஃப்6. இப்போது வெள்ளை தன் குதிரையை ஜி5க்கு ஏற்றுகிறது. நீங்கள் கருப்பு.

பழக்கமில்லாத கை உடனே எச் சிப்பாயை எச்6க்குத் தள்ளும். குதிரையை விரட்டலாம் என்ற எண்ணம். முதல் கேள்வியைக் கேட்டிருந்தால் வேறு ஒன்று தெரிந்திருக்கும்: ஜி5 குதிரையும் சி4 பிஷப்பும் சேர்ந்து எஃப்7 சிப்பாயைப் பார்க்கின்றன. அந்தச் சிப்பாய்க்கு ராஜாவைத் தவிர வேறு சப்போர்ட் இல்லை. நீங்கள் எச்6 ஆடினால் குதிரை எஃப்7ஐ வெட்டும். ஒரே நேரத்தில் டி8 ராணியையும் எச்8 யானையையும் குறிவைக்கும். ராஜாவால் அந்தக் குதிரையை வெட்டவும் முடியாது, பின்னால் பிஷப் நிற்கிறது. நாலே நகர்த்தலில் ஆட்டம் கையை விட்டுப் போகிறது.

சரியான பதில், டி சிப்பாயை டி5க்கு நகர்த்துவது. பிஷப்பின் வழி அடைபடுகிறது. வெள்ளை இ சிப்பாயால் டி5ஐ வெட்டும். இங்கேயும் நிதானம் வேண்டும். எஃப்6 குதிரையால் திருப்பி வெட்டத் தோன்றும். அப்படி வெட்டினால் வெள்ளை தன் குதிரையைக் கொடுத்து எஃப்7ஐ வெட்டி, ராஜாவை வெளியே இழுத்து, ராணியை எஃப்3க்குக் கொண்டுவந்து செக் வைக்கும். அந்த ராணி செக் வைக்கும்போதே டி5 குதிரையையும் பார்க்கிறது. அதனால் சி6 குதிரையை ஏ5க்கு எடுத்து, முதலில் பிஷப்பைக் குறிவைப்பதுதான் பலரும் ஆடும் வழி. ஒரு சிப்பாய் போனாலும் கருப்புக் காய்கள் சுலபமாக வெளியே வரும்.

மூன்றாவது கேள்வியில் அதிகம் தவறுவது வேறொரு இடத்தில். போய்ச் சேரும் கட்டம் பத்திரமா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். விட்டுப் போகும் கட்டத்தைப் பார்ப்பதில்லை. காஸ்லிங் செய்து ஜி8இல் நிற்கும் கருப்பு ராஜாவுக்கு எஃப்6 குதிரைதான் எச்7 கட்டத்தின் காவல். எதிரே வெள்ளை ராணி டி3இலும் பிஷப் சி2இலும் வரிசையாக நிற்கும்போது அந்தக் குதிரை எங்கோ ஒரு சிப்பாயை வெட்டக் கிளம்பினால், ராணி எச்7இல் இறங்கும். ராஜாவுக்குப் பக்கத்தில் எஃப்8இல் யானை நின்றால் அதுவே மேட்.

தொடக்கத்தில் மூன்று கேள்விகளையும் வாய்க்குள் முணுமுணுத்தே கேளுங்கள். எரிச்சலாக இருக்கும், நேரமும் போகும். கொஞ்ச நாளில் கண் தானாகவே அங்கே போகத் தொடங்கும்.

படி 3: மெதுவான ஆட்டம்

மூன்று நிமிட பிளிட்ஸில் மேலே சொன்னதைச் செய்ய நேரம் கிடையாது. ஆகவே லிசெஸ், செஸ்.காம் போன்ற ஆன்லைன் தளங்களில் 15 நிமிடத்துடன் நகர்த்தலுக்கு 10 நொடி கூடும் ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். நாளுக்கு ஒன்று ஆடினாலும் போதும்.

ஆனந்த் சிறுவயதிலேயே மின்னல் வேகத்தில் ஆடித்தானே வளர்ந்தார் என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் சென்னையில் தால் செஸ் கிளப்பில் அவர் பிளிட்ஸ் ஆடியபோது எதிரே உட்கார்ந்தவர்கள் நல்ல ஆட்டக்காரர்கள். கூடவே நீண்ட நேரப் போட்டிகளையும் தொடர்ந்து ஆடிவந்தார். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனது அந்தப் போட்டிகளின் வழியே. வேகம் அவருக்கு இருந்த பார்வையின் விளைவு. பார்வை வரும் முன் வேகத்தைப் பழகினால் தவறுகள்தான் பழகிப்போகும்.

தொடர்ந்து இரண்டு ஆட்டம் தோற்றால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். கோபத்தில் ஆடும் மூன்றாவது ஆட்டத்தில் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது.

படி 4: ஓப்பனிங்குக்கு இவ்வளவு போதும்

நடுக்கட்டங்களில் ஒரு சிப்பாய். குதிரைகளையும் பிஷப்புகளையும் வெளியே எடுப்பது. பத்து நகர்த்தலுக்குள் காஸ்லிங். ஒரே காயைக் காரணமில்லாமல் இரண்டு முறை நகர்த்தாமல் இருப்பது. வெள்ளைக்கு மேலே பார்த்த இ4, குதிரை எஃப்3, பிஷப் சி4 வரிசையே நல்ல தொடக்கம். இத்தாலியன் என்று பெயர்.

கூடவே நாலு நகர்த்தல் மேட்டைத் தடுக்கத் தெரிந்திருக்க வேண்டும், ஆன்லைனில் அடிக்கடி எதிர்ப்படும். இ4, இ5 ஆனதும் வெள்ளை ராணி எச்5க்கு வரும். பதறாமல் குதிரையை சி6இல் வைத்து இ5 சிப்பாய்க்கு சப்போர்ட் கொடுங்கள். பிஷப் சி4க்கு வரும். இப்போது எஃப்7இல் மேட் காத்திருக்கிறது. ஜி சிப்பாயை ஜி6க்கு நகர்த்தி ராணியை விரட்டுங்கள். அது எஃப்3க்குப் போய் மறுபடியும் எஃப்7ஐக் குறிவைக்கும். குதிரையை எஃப்6இல் குறுக்கே வையுங்கள். உங்களுக்கு இரண்டு குதிரைகள் வெளியே வந்துவிட்டன. அவருடைய ராணியோ, தன் குதிரைக்கு வேண்டிய கட்டத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இந்த வித்தையை நீங்கள் மற்றவர்மேல் முயற்சி செய்யாதீர்கள். தடுக்கத் தெரியாதவரிடம் மட்டுமே பலிக்கும் வழியில் ஜெயித்துப் பழகினால் வளர முடியாது.

படி 5: தினமும் புதிர்கள்

லிசெஸ்ஸில் புதிர்கள் முழுக்க இலவசம், வகைவாரியாகவும் பிரித்திருக்கிறார்கள். முதலில் ஒரே நகர்த்தலில் மேட். அது சரளமானதும் ஃபோர்க், அதாவது ஒரு காய் ஒரே நேரத்தில் இரண்டைக் குறிவைப்பது. பிறகு பின்: ராஜாவுக்கோ ராணிக்கோ முன்னால் நிற்கும் காய் நகர முடியாமல் மாட்டிக்கொள்வது. அதன் பிறகு கடைசி வரிசை மேட்: ராஜா ஜி8இல், முன்னால் எஃப்7, ஜி7, எச்7 சிப்பாய்கள் மூன்றும் அசையாமல் இருக்க, எதிராளியின் யானை எட்டாவது வரிசையில் இறங்கினால் தப்ப இடமில்லை. காஸ்லிங் செய்த பிறகு, அவசர வேலை எதுவும் இல்லாத நேரம் பார்த்து எச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்திவைப்பது இதற்காகத்தான்.

புதிரில் ஊகித்து ஆடாதீர்கள். எதிராளியின் பதில் வரைக்கும் மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் காயைத் தொட வேண்டும். பதினைந்து நிமிடத்தில் ஐந்தே புதிர் முடிந்தாலும் நல்லதுதான். தப்பாகப் போனதை மட்டும் மறுநாள் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

படி 6: எண்ட்கேம், தள்ளிப்போடக் கூடாதது

எண்ட்கேம் என்றால் பெரும்பாலான காய்கள் போன பிறகு மிஞ்சும் கடைசிக் கட்டம். ராணி அதிகமாக இருந்தும் ஸ்டேல்மேட் ஆகி டிராவில் முடியும் ஆட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். எதிராளிக்கு ராஜா மட்டும் மூலைக் கட்டத்தில் நிற்கும்போது, உங்கள் ராணி அதிலிருந்து ஒரு குதிரைத் தாவல் தூரத்தில் நிற்கக் கூடாது. ராஜா எச்8, ராணி ஜி6 என்று வைத்துப் பாருங்கள்: செக்கும் இல்லை, நகரவும் இடமில்லை. ராணி மேட், ஒற்றை யானை மேட் இரண்டையும் கணினிக்கு எதிராக, யோசிக்காமல் செய்ய வரும்வரை பழகுங்கள்.

அடுத்தது, ஒரு ராஜாவும் சிப்பாயும், எதிரே ராஜா மட்டும். இதைத் தெரிந்துகொண்டால் அரைப் புள்ளிகள் நிறையக் கிடைக்கும். வெள்ளை ராஜா இ6, சிப்பாய் இ5, கருப்பு ராஜா இ8. இங்கே யார் ஆட வேண்டியிருந்தாலும் வெள்ளைக்கு வெற்றி. கருப்பு டி8க்குப் போனால் வெள்ளை ராஜா எஃப்7. சிப்பாய்க்கு வழி திறந்துவிட்டது. வெள்ளை ஆட வேண்டுமென்றால் ராஜா டி6, கருப்பு டி8. சிப்பாய் இ6, கருப்பு இ8. சிப்பாய் இ7, கருப்பு எஃப்7. ராஜா டி7, அடுத்து ராணி. ராஜா சிப்பாய்க்கு முன்னால் நடக்க வேண்டும் என்பதுதான் இதிலுள்ள விஷயம். சிப்பாயை முன்னால் ஓடவிட்டால் பெரும்பாலும் சிப்பாய் இ7, வெள்ளை ராஜா இ6, கருப்பு ராஜா இ8 என்று வந்து ஸ்டேல்மேட்டில் நிற்கும். ஏ, எச் ஓரச் சிப்பாய்கள் விதிவிலக்கு: எதிராளியின் ராஜா அந்த மூலைக்கு வந்துவிட்டால் எப்படி ஆடினாலும் டிராதான்.

இது சிறுபிள்ளைப் பாடம் என்று நினைக்க வேண்டாம். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன்ஷிப்பின் 14வது ஆட்டம். ஒரு சிப்பாய் குறைவாக இருந்த அப்போதைய சாம்பியன் டிங் லிரன் டிராவை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தார். 55வது நகர்த்தலில் யானையை எஃப்2இல் வைத்து, யானைகளை வெட்டிக்கொள்ள வழிவிட்டார். அவருடைய பிஷப்போ ஏ8 மூலையில் நின்றது. யானைகள் போனதும் பிஷப்புகளையும் வெட்டிக்கொள்ள வைக்கலாம், மிச்சம் இருக்கும் ராஜா-சிப்பாய் ஆட்டத்தில் தனக்கு ஒரு சிப்பாய் அதிகம் என்பதை குகேஷ் பிடித்துக்கொண்டார். மூன்று நகர்த்தலில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன். எதை வெட்டிக்கொண்டால் என்ன எண்ட்கேம் வரும் என்ற கேள்விதான் அந்தப் பட்டத்தை முடிவு செய்தது.

படி 7: தோற்ற ஆட்டத்தைத் திறந்து பாருங்கள்

ஆட்டம் முடிந்ததும் அடுத்ததைத் தொடங்கும் பட்டனை அழுத்தாதீர்கள். முடிந்ததை முதலிலிருந்து ஓட்டுங்கள். ஒவ்வொரு நிலைக்கும் மதிப்பெண் போட்டு நல்ல நகர்த்தலைக் காட்டும் ஸ்டாக்ஃபிஷ் எஞ்சினை அப்போது திறக்கக் கூடாது. எந்த இடத்தில் சமநிலை உடைந்தது என்று நீங்களே ஊகித்து எழுதிவைத்த பிறகுதான் எஞ்சின். அது காட்டும் எல்லா அம்புக்குறிகளையும் துரத்த வேண்டாம். மதிப்பெண் பெரிதாகச் சரிந்த ஒன்றிரண்டு இடங்கள் போதும்.

ஒரு நோட்டில் ஆட்டத்துக்கு ஒரு வரி எழுதுங்கள்: "குதிரை சப்போர்ட் இல்லை", "கடைசி வரிசை", "எதிராளியின் செக்கைப் பார்க்கவில்லை", "நேரம் போய்விட்டது". இருபது வரி சேரும்போது ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும். அடுத்த மாதம் பழக வேண்டியது அதுதான். பணம் கொடுத்து வாங்கும் எந்தப் பாடத்தையும்விட இந்த நோட்டை நான் பெரிதாக மதிக்கிறேன், இதில் இருப்பவை உங்களுடைய தவறுகள் என்பதால்.

நேரில் ஆடும்போது

ஓரளவு நம்பிக்கை வந்ததும் பக்கத்தில் நடக்கும் ஒருநாள் போட்டி ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். திரையில் ஆடிப் பழகியவர்களுக்கு அங்கே சில விஷயங்கள் புதிதாக இருக்கும். ஆடும் எண்ணத்தோடு தொட்ட காயைத்தான் ஆட வேண்டும். கோணலாக நிற்கும் காயைச் சரிசெய்ய வேண்டுமென்றால் தொடும் முன் "அட்ஜஸ்ட்" என்று சொல்லிவிடுங்கள். காயை நகர்த்திய அதே கையால்தான் கடிகாரத்தை அழுத்த வேண்டும். ஸ்டாண்டர்டு எனப்படும் நீண்ட நேர ஆட்டமாக இருந்தால் இரண்டு பேருடைய நகர்த்தல்களையும் தாளில் எழுத வேண்டும். அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து மேலே சொன்ன நோட்டோடு சேர்த்துவையுங்கள்.