டைட்டிலில் பெயரைக் காட்சியோடு குழைத்துவிடாதீர்கள்

சினிமாவில் பெயர்களைக் காட்டும் டைட்டில் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகளில் எழுத்துப்பிழை, படிக்க முடியாத நிறம் போன்றவற்றை இங்கே விட்டுவிடலாம். அவை யார் கண்ணிலும் படும். ரெண்டர், அதாவது கம்ப்யூட்டர் ஃபிரேம் ஃபிரேமாகக் கணித்து வீடியோ ஃபைலாக்குவது, முடிந்த பிறகே தலைகாட்டும் தவறுகள்தான் ஆளைச் சாய்ப்பவை.

பெயரும் பின்னணியும் ஒரே ஃபைலில்

இன்றுவரை எரிச்சல் மூட்டும் தவறு இது. எழுத்தின்மேல் புகை படர வேண்டும், வெளிச்சம் விழ வேண்டும், கிரெயின் (ஃபிலிமில் தெரியும் பொடித் துகள்) ஒட்ட வேண்டும் என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வீடியோவாக ரெண்டர் செய்துவிடுகிறார்கள். அழகாகத்தான் இருக்கும். ரிலீசுக்கு நான்கு நாள் இருக்கும்போது போன் வரும்: ஒருவருடைய இனிஷியல் ‘கே’ இல்லை, ‘கு’. இன்னொருவர் பெயர் விட்டுப்போயிருக்கிறது.

இரண்டரை நிமிட டைட்டில் என்றால், நொடிக்கு 24 வீதம் 3,600 ஃபிரேம். ஃபிரேமுக்கு 40 நொடி பிடித்தால் முழுசாக 40 மணி நேரம். அந்தக் கார்டை, அதாவது அந்தப் பெயர் வரும் பகுதியை, மட்டும் எடுத்து ஒட்டலாமே என்பார்கள். கேமரா நிற்காமல் நகரும் காட்சியில் ஒரு பெயர் மறையும்போதே அடுத்தது வந்துகொண்டிருக்கும். வெட்ட இடமே கிடைக்காது. ஒரு பெயர் கூடினால் பின்னால் உள்ளவை எல்லாம் தள்ளிப்போகும். அதன் பிறகு டிஐயில் (படத்தின் நிறத்தை இறுதியாகத் திருத்தும் கட்டம்) கலர், அதன் பிறகு தியேட்டருக்குப் போகும் புது டிசிபி ஃபைல். தெலுங்கு, இந்தி டப்பிங் இருந்தால் இதே கதை இன்னும் இரண்டு முறை.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு இந்தத் தவறைச் செய்வதே கடினம். கறுப்பு அட்டையில் வெள்ளை எழுத்தைத் தனி ஃபிலிமில் எடுத்து, ஃபிலிம்களை ஒன்றாகப் பதிக்கும் ஆப்டிகல் பிரின்டரில் காட்சியோடு சேர்த்தார்கள். எழுத்தில்லாத காட்சியின் நெகட்டிவ் தனியே பத்திரமாக இருக்கும். வேறு மொழிக்குப் போக அதுதான் வழி. அந்த ஒழுங்கை இன்றும் அப்படியே பின்பற்றுங்கள்:

எழுத்தே இல்லாத பின்னணியை முதலில் முழுசாக ரெண்டர் செய்யுங்கள். ஒவ்வொரு கார்டையும் ஆல்ஃபாவோடு (எந்த இடம் ஊடுருவித் தெரிய வேண்டும் என்ற தகவல்), ப்ரோரெஸ் 4444 என்ற வீடியோ வடிவில் தனி ஃபைலாக, வரிசை எண் போட்டு எடுங்கள். எழுத்து ஒரு தூணுக்குப் பின்னால் போகிறதென்றால் எழுத்தை மறைக்க வேண்டிய தூணின் வடிவம், அதாவது மேட், தனி ஃபைல். எழுத்தின் நிழலும் தனி. கிரெயினைக் கடைசியில், எல்லாவற்றின் மேலும் டிஐயில் போடச் சொல்லுங்கள். எழுத்தும் காட்சியும் ஒட்டிப்போவது அங்கேதான். பெயர்ப் பட்டியல் தயாரிப்புத் தரப்பின் கையெழுத்தோடு ஒரே கோப்பாக வரட்டும். அதிலிருந்து காப்பி எடுத்து ஒட்டுங்கள், திரும்ப டைப் செய்யாதீர்கள்.

தமிழை எழுத்தெழுத்தாக உடைப்பது

1992-இல் ‘அண்ணாமலை’யில் வந்த சூப்பர் ஸ்டார் கார்டில் ஒளிப்புள்ளிகள் சேர்ந்து ஆங்கில எழுத்துகளாகின்றன. ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தும் தனி வடிவம் என்பதால் அது எளிது. அதே உத்தியைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவந்தால் ‘கொ’ மூன்று துண்டாகும்: கொம்பு முதலில் பறந்து வரும், ‘க’ பிறகு, கால் கடைசியில். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் கொம்பும் காலும் தனித்தனி எழுத்துகளாகவே இருப்பதால், எழுத்திடைவெளியைக் கூட்டினாலே பிளந்துவிடும். யூனிகோட் எழுத்துருவில் டைப் செய்து, ஷேப்பாக (வரைவடிவமாக) மாற்றி, கொம்பு, உடல், கால் மூன்றையும் ஒரே குரூப்பில் வைத்த பிறகு அனிமேட் செய்யுங்கள். புள்ளியையும் மறக்க வேண்டாம். அது அரை நொடி தாமதித்தால் ‘க்’ என்பது ‘க’ ஆகத் தெரியும்.

கீறல் எழுத்து

1995-இல் ‘செவன்’ படத்துக்கு டைட்டில் வடிவமைப்பாளர் கைல் கூப்பர் கையால் கீறிய எழுத்துகளை வைத்தார். அந்த டைட்டில் முழுக்க ஒரு கொலைகாரன் தன் நோட்டுப் புத்தகங்களைத் தயாரிக்கிறான், கீறல் அவனுடையது. உங்கள் படத்தில் அது யாருடைய கை? பதில் இல்லையென்றால் கீறல் வேண்டாம்.

கறுப்பு விளிம்பு

ஆல்ஃபா ஸ்ட்ரெய்ட்டா (நிறம் அப்படியே இருக்கும்), ப்ரீமல்டிப்ளையா (நிறம் ஏற்கெனவே ஆல்ஃபாவால் பெருக்கப்பட்டிருக்கும்) என்பதை ஃபைல் பெயரிலேயே எழுதுங்கள். ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் எழுத்தைச் சுற்றிக் கறுப்பு விளிம்பு வரும்.

ரோலிங்

பெயர்கள் கீழிருந்து மேலே ஓடும் வேகம் முழு எண்ணாக இருக்கட்டும். ஃபிரேமுக்கு 3 பிக்சல் சரி, 2.7 நடுங்கும். 858 பிக்சல் உயரமுள்ள 2கே ஸ்கோப் (அகலத்திரை) ஃபிரேமில் 3 பிக்சல் வேகத்தில் ஒரு வரி 286 ஃபிரேம், ஏறக்குறைய 12 நொடி திரையில் இருக்கும்.