பணக்காரர் வரியைத் தெருமுனையில் பேசுவது எப்படி

பெரும் பணக்காரர்களுக்கு வரியைக் கூட்ட வேண்டும் என்பது என் கட்சி. மதுரையில் முப்பது வருடமாகத் தொழிற்சங்க மேடைகளில் இதைப் பேசுகிறேன். முதல் பத்து வருடம் தப்பாகப் பேசினேன்.

செல்லூரில் ஒரு கூட்டம். மேல்தட்டு ஒரு சதவீதம், சொத்துக் குவிப்பு என்று அரைமணி நேரம் விளாசிவிட்டு இறங்கினேன். பூக்கட்டும் அம்மா ஒருவர் வந்து கேட்டார்: "அண்ணே, எங்கிட்ட ரெண்டு பவுன் இருக்கு. அதுக்கும் வருமா?"

அதனால் எவ்வளவுக்கு மேல் வைத்திருப்பவருக்கு வரி என்ற வரம்பை முதலில் சொல்லுங்கள். எத்தனை சதவீதம் என்பது அப்புறம். 2024 தேர்தலின்போது காங்கிரஸின் வெளிநாட்டுப் பிரிவுத் தலைவராக இருந்த சாம் பிட்ரோடா அமெரிக்க வாரிசு வரியை, அதாவது இறந்தவர் சொத்து வாரிசுக்குப் போகும்போது போடும் வரியைப் பற்றிப் பேசினார். 10 கோடி டாலர் வைத்திருப்பவரைத்தான் உதாரணம் காட்டினார். ஊர் காதில் விழுந்ததோ, அரசு எடுத்துக்கொள்ளும் என்று அவர் சொன்ன 55 சதவீதம் மட்டும். பிரதமர் மோடி எல்.ஐ.சி. விளம்பர வாசகத்தையே திருப்பி, வாழும்போதும் கொள்ளை, அதற்குப் பிறகும் கொள்ளை என்று அடித்தார். காங்கிரஸ் அவசரமாக ஒதுங்கிக்கொண்டது. எதிராளி என்றாலும், மேடைக்காரனாக அந்த அடியை ரசித்தேன்.

சரியாகச் செய்தவர்கள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்காரர்கள். வருமானம் ஏற ஏற வரி விகிதமும் ஏறும் முறையை அந்த மாநில மக்கள் ஐந்து முறை வாக்களித்துத் தோற்கடித்திருந்தார்கள். 2022-ல் கேள்வி வேறு மாதிரி வந்தது: ஆண்டு வருமானத்தில் 10 லட்சம் டாலருக்கு மேலுள்ள பகுதிக்கு மட்டும் கூடுதலாக 4 சதவீதம், அந்தப் பணம் கல்விக்கும் போக்குவரத்துக்கும். சுமார் 52 சதவீத ஓட்டில் ஜெயித்தது. யாருக்கு, எதற்கு என்ற இரண்டும் ஒரே மூச்சில் வந்துவிட்டது பாருங்கள்.

'மேலுள்ள பகுதிக்கு மட்டும்' என்பதைக் கணக்குப் போட்டே காட்ட வேண்டும். அந்த 10 லட்சம் வரம்பின்படி, 11 லட்சம் டாலர் சம்பாதிப்பவருக்குக் கூடுதல் வரி 4,000 டாலர், 44,000 இல்லை. வரம்பைத் தாண்டினால் மொத்தத்துக்கும் வரி என்று படித்தவர்களே நம்புகிறார்கள். நான் கரும்பலகை கொண்டு போவேன்.

"நாங்க எங்கே வரி கட்டுறோம்?" என்று கூட்டத்தில் ஒருவராவது கேட்பார். செல்போனை எடுக்கச் சொல்லுங்கள். 299 ரூபாய் ரீசார்ஜில் சுமார் 45 ரூபாய் ஜி.எஸ்.டி. கோடீஸ்வரர் அதே ரீசார்ஜ் போட்டாலும் அதே 45தான். இதற்குப் பிறகு கூட்டம் நம் பக்கம் சாய்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

விவரம் தெரிந்தவர் வந்தால் மழுப்பாதீர்கள். "சொத்து வரியைத்தான் ஏற்கெனவே போட்டுப் பார்த்தோமே" என்பார். உண்மைதான். வீட்டு வரியைச் சொல்லவில்லை, பணக்காரர் சொத்துக்கு மத்திய அரசு போட்ட செல்வ வரியைச் சொல்கிறார். 2013-14-ல் நாடு முழுவதும் வசூலானது 1,008 கோடி. அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜெட்லி 2015 பட்ஜெட்டில் அதை எடுத்துவிட்டார். ஆனால் அதே உரையில், வருமானம் 1 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2 சதவீதக் கூடுதல் சர்சார்ஜ், அதாவது வரியின் மேல் வரி போட்டு, 9,000 கோடி வரும் என்றார். அந்தப் பாதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். எந்த வரி வசூலாகும், எது ஆகாது என்று பேச்சு நகர்ந்தால் நமக்கு நல்லதே.

ஆதரவு எவ்வளவு என்று வீடு வீடாகக் கேட்பதானால் "பணக்காரருக்கு வரி போடலாமா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஆமாம் என்பார்கள். யார் பணக்காரர் என்றால், தனக்கு ஒரு படி மேலே இருப்பவர். மாடி வீட்டுக்காரர் அடுக்குமாடிக்காரரைக் காட்டுவார். தொகையைச் சொல்லிக் கேளுங்கள். எதிர்வாதத்தையும் சொல்லிவிட்டு மறுபடி ஒருமுறை கேளுங்கள். இரண்டாவது தடவை வருகிற பதிலைத்தான் நான் நோட்டில் எழுதுவேன்.

அப்புறம், மைக்குக்குக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள். இரவு 10 மணிக்கு மேல் கூடாது. கேள்வி நேரத்துக்கு அரைமணியாவது வேண்டும், அதனால் ஒன்பதரைக்குப் பேச்சை முடித்துவிடுங்கள்.