பள்ளியில் நிழற்பாவை: ஆறு வார வேலை, ஒரு மாலை நிகழ்ச்சி, மூன்று நாள் கண்காட்சி

ஒருநாள் பயிற்சி முகாம் நடத்தி, மாலையில் குழுப்படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும் கலைக்குழுக்கள் நிறைய. அந்த ஒரு நாளில் பிள்ளைகள் ஆளுக்கொரு பொம்மை வெட்டுவார்கள். அதை ஆட்டிப் பழக நேரம் இருக்காது. விளக்குக்கும் திரைக்கும் நடுவே பாவையை ஆட்டி நிழலில் கதை சொல்லும் நிழற்பாவைக்கு ஆறு வாரம் ஒதுக்குங்கள். வாரத்துக்கு இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் 90 நிமிடம். ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 30 பேர், ஆறு ஆறு பேராக ஐந்து குழு. வரைகிறவர், எழுதுகிறவர், பாடுகிறவர், விளக்குக் கட்டுகிறவர் என எல்லோருக்கும் இதில் வேலை உண்டு. கூச்சப்படும் பிள்ளைக்கு இதைவிடத் தோதான கலை இல்லை: முகம் திரைக்குப் பின்னால் இருக்கும், குரலும் கையும்தான் ஊருக்கு முன்னால் வரும்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஒன்றையும் அதைச் சுற்றியுள்ள ஊரையும் வைத்தே கீழே எல்லாம் சொல்லப்படுகிறது.

நாள் குறித்தல், அனுமதி

நிகழ்ச்சி நாளை முதலில் குறித்துவிட்டுப் பின்னோக்கி எண்ணுங்கள். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, டிசம்பரில் அரையாண்டு. அக்டோபர், நவம்பரில் மழை. அட்டை ஈரம் குடித்துத் துவண்டுவிடும். ஆடியில் காற்று திரையைப் பாய்மரமாக்கும், போதாததற்கு அம்மன் கோயில் திருவிழாக்களும் வரும். பொங்கல் விடுமுறை முடிந்ததும் தொடங்கி மார்ச் முதல் வாரத்தில் முடிப்பதுதான் நல்லது. ஊர்க் கோயில் கொடைவிழா எந்த நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதே வாரத்தில் வைத்தால் உங்கள் திரைக்கு முன்னால் யாரும் இருக்கமாட்டார்கள்.

தலைமையாசிரியர் வாய்வார்த்தையாகச் சம்மதித்தாலும் அது போதாது. முதன்மைக் கல்வி அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதியை ஒரு மாதம் முன்பே கேளுங்கள். ஒரு பக்கக் கடிதம் போதும்: வருகிறவர்களின் பெயர், நாட்கள், என்ன கற்றுத்தரப்படும், நிகழ்ச்சி எங்கே. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் பேசுங்கள். நாற்காலி கொண்டுவருவதும், இரவில் பிள்ளைகளை வீடு சேர்ப்பதும் அந்தக் குழுவில் உள்ள பெற்றோர்கள்தான். படம் எடுப்பதற்குப் பெற்றோரின் கையெழுத்து தனியாக வேண்டும். எந்த வகுப்பிலும் உங்கள் குழுவினர் இருவரும் ஆசிரியர் ஒருவரும் கூடவே இருக்க வேண்டும்.

தோல்பாவைக் கலைஞரை அழைப்பது

முதல் வகுப்பில் பிள்ளைகள் உண்மையான தோல்பாவைக்கூத்தைப் பார்க்கட்டும். தமிழ்நாட்டில் இதை மரபாக நடத்திவருபவர்கள் மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட மண்டிகர் சமூகத்தினர். கன்னியாகுமரி, மதுரைப் பக்கங்களில் இன்னும் ஆடுகிறார்கள். ஆட்டுத்தோலில் வெட்டி வண்ணமிட்ட பாவைகள், பெரும்பாலும் இராமாயணக் கதை, நடுவில் சிரிக்கவைக்க உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும். ஒரே ஆள் எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் மாற்றிப் பேசுவதைப் பிள்ளைகள் திரைக்குப் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். அரை மணி நேரம் முன்புறம், அரை மணி நேரம் பின்புறம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேரளத்துப் பாலக்காட்டுப் பக்கம் அம்மன் கோயில்களில் ஆடும் தோல்பாவைக்கூத்தில் இன்றும் கம்பன் பாட்டுகளைத்தான் பாடுகிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். தமிழாசிரியர் அந்த இடத்திலிருந்து பாடத்தை எடுத்துக்கொண்டு போவார்.

கலைஞருக்குச் சம்பளம் கொடுங்கள். போக்குவரத்து, சாப்பாடு, தங்குமிடம் தனி. தொகையில் பாதி முன்பணம். பள்ளிக்கூடம்தானே, சும்மா வந்துவிட்டுப் போங்கள் என்று கேட்பது இந்தக் கலைக்குச் செய்யும் பெரிய அநியாயம். ஐந்தாம் வாரம் ஒத்திகைக்கு இன்னொரு முறை வரச் சொல்லுங்கள். பிள்ளைகள் கை எங்கே தவறுகிறது என்று அவர் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்.

பாவை செய்வது

தோல் பதப்படுத்துவது வகுப்பறை வேலை இல்லை. இரண்டு பொருட்கள் போதும். கறுப்பு நிழலுக்குக் கனத்த அட்டை: பழைய கல்யாணப் பத்திரிகை, செருப்புப் பெட்டி, ஃபைல் அட்டை. சார்ட் பேப்பர் வாங்காதீர்கள். மூன்றாம் நாளே கழுத்து மடங்கும். வண்ண நிழலுக்கு ஓ.எச்.பி. ஷீட் எனப்படும் ஒளி ஊடுருவும் தாளும் அழியாத மார்க்கர் பேனாவும். ஸ்கெட்ச் பேனா அந்தத் தாளில் பிடிக்காது, விரல் பட்டாலே அழிந்துவிடும்.

30 பேருக்கு வேண்டியவை: ஃபைல் அட்டை 20, ஓ.எச்.பி. ஷீட் 40, ஐந்து நிற மார்க்கர் 6 செட், மூங்கில் குச்சி 100, கத்தரிக்கோல் 15, துளைபோடும் கருவி 3, மெழுகு தேய்த்த தையல்நூல், செலோ டேப் 10 உருளை. கட்டர் கத்தி மூன்று போதும், அவை பெரியவர்கள் கையில் மட்டும். ஈர்க்குச்சி மலிவுதான், ஆனால் பாவையின் கனத்தைத் தாங்காமல் வளையும்.

பாவையின் உயரம் ஓரடி. ஒன்றரை அடி தாண்டினால் பிள்ளையின் மணிக்கட்டு வலிக்கும், திரையில் இரண்டு பேர் நிற்க இடமும் இருக்காது. முகத்தைப் பக்கவாட்டில் வரையச் சொல்லுங்கள். நேர்முகம் நிழலில் வெறும் வட்டமாகிவிடும். மூக்கும் உதடும் கொண்டையும் பக்கத்திலிருந்துதான் தெரியும். கண்ணுக்கு ஒரு சென்டிமீட்டர் துளை வேண்டும். மிகச் சிறிய ஓட்டைகள் தூரத்தில் இருப்பவர்களுக்குச் சரியாகத் தெரியாது. நகை, புடவைக் கரை என்று பிள்ளைகள் மெனக்கெட்டு வெட்டும் நுணுக்கமெல்லாம் அப்படித்தான் வீணாகிறது. வெட்டும்போதே ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கப் பழக்குங்கள்.

மூட்டு ஒன்றே ஒன்று, தோளில். கையைத் தனியாக வெட்டி, உடலும் கையும் இரண்டு சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வைத்துத் துளையிட்டு, நூலைக் கோத்து இருபுறமும் முடிச்சுப் போடுங்கள். முடிச்சை இறுக்கினால் கை அசையாது. நூலில் ஒரு தீக்குச்சி கனத்துக்குத் தளர்வு விடுங்கள். முழங்கை, முழங்கால் எல்லாம் மூட்டு வைத்தால் ஆறு வாரத்தில் ஆட்டக் கற்றுக்கொள்ள முடியாது. முதன்மைக் குச்சி கழுத்துவரை ஏற வேண்டும். இடுப்போடு நின்றால் தலை தொங்கும், நிறைய பாவைகள் கெடுவது இதனால்தான். கைக்குச்சியை டேப்பால் ஒட்டாமல் நூல் வளையத்தில் கட்டினால் மணிக்கட்டு இயல்பாகத் திரும்பும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆட்டுபவர் பார்க்கும் பக்கத்துக்கு நேர்மாறாகத்தான் முன்னாலிருப்பவர்கள் பார்ப்பார்கள். பஸ் பொம்மையில் ஊர்ப் பெயர் வெட்டியிருந்தால் அது கண்ணாடி எழுத்தாகத் தெரியும். எழுத்து உள்ள பாவைகளையெல்லாம் முன்பக்கம் நின்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.

பெரியவர்கள் பென்சிலை எடுத்துத் திருத்தாதீர்கள். மூக்கு நீண்டிருந்தால் இருக்கட்டும். திருத்திய பாவையை அந்தப் பிள்ளை தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளாது, ஆட்டும்போதும் கையில் உயிர் இருக்காது.

திரையும் விளக்கும்

திரைக்குப் பருத்தியாலான நாலு முழ வேட்டியே சரியான துணி: ஏறக்குறைய ஆறரை அடி நீளம், நாலடி அகலம். பாலியஸ்டர் கலந்தால் விளக்கு நடுவில் பளீரென்று ஒரு புள்ளியாகத் தெறிக்கும். புது வேட்டியைக் கஞ்சி போக இரண்டு முறை அலசுங்கள். சவுக்குக் கம்புச் சட்டத்தில் மேல்விளிம்பை முதலில் கட்டி, பிறகு கீழ்விளிம்பு, கடைசியாகப் பக்கங்கள். தண்ணீர் தெளித்துக் காயவிட்டால் சுருக்கம் போய்விடும். கீழ்விளிம்பு தரையிலிருந்து இரண்டரை அடி. சட்டத்தின் மேற்பகுதி பார்வையாளர் பக்கம் நாலு விரற்கடை சாயட்டும். அப்போது பாவை தானே துணியில் படிந்து நிற்கும், பிள்ளைக்கு அழுத்திப் பிடிக்கும் வேலை இல்லை. கீழே உள்ள இடைவெளியைக் கனத்த ஜமக்காளத்தால் மறையுங்கள்.

விளக்கு ஒன்றே ஒன்று. இரண்டு பல்பு போட்டால் ஒவ்வொரு பாவைக்கும் இரண்டு நிழல். டியூப் லைட்டும் ஆகாது. ஒளி நீளவாக்கில் பரவுவதால் விளிம்பு மங்கும். சாதாரண 12 வாட் எல்.இ.டி. பல்பைத் திரைக்கு ஐந்து அடி பின்னால், தரையிலிருந்து ஒன்பது அடி உயரத்தில் தொங்கவிடுங்கள். அந்த உயரத்துக்குக் காரணம் இரண்டு. பத்தடி தள்ளித் தரையில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கும் பல்புக்கும் இடையே கோடு இழுத்தால் அது திரைக்கு மேலே போய்விடும், கண் கூசாது. மண்டியிட்டு ஆட்டும் பிள்ளைகளின் தலை நிழலும் திரைக்குக் கீழே ஜமக்காளத்தில் விழுந்துவிடும். ஆனால் இந்த அமைப்பில் பாவை துணியை விட்டு ஒரு சாண் விலகினாலே நிழல் முக்கால் அடி கீழே இறங்கும், விளிம்பும் மங்கும். அதனால் முதல் இரண்டு ஒத்திகையில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியது, பாவையைத் துணியோடு ஒட்டியே நடத்துவதுதான். பேய், பூதம் வளர்ந்து நிற்கும் இடத்துக்கு மட்டும் அந்த விலகலை வேண்டுமென்றே பயன்படுத்தலாம்.

மின்சாரம் போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மின்தடையிலும் எரியும் இன்வெர்ட்டர் பல்பு ஒன்றை முழுதாகச் சார்ஜ் ஏற்றிப் பக்கத்தில் தயாராக வையுங்கள். வயர் தரையில் ஓடும் இடமெல்லாம் சாக்கை விரித்து மூடுங்கள். இருட்டில் பிள்ளைகள் தடுக்கி விழுவது அங்கேதான்.

கதையும் குரலும்

குழுவுக்கு ஆறு நிமிடம், மூன்று காட்சி. பேச்சு நீண்டுவிடக்கூடாது. பாட்டுக்கும் பாவை நடந்து வருவதற்கும் நேரம் வேண்டும். கதையை ஊரிலிருந்து எடுக்கட்டும்: ஏரியில் ஆகாயத்தாமரை எப்படி வந்தது, நிற்காமல் போகும் பஸ், பள்ளிப் புளியமரம். பாட்டிகளிடம் கேட்டு எழுதிவரச் சொன்னால் பேச்சுவழக்கு தானாக வந்துவிடும். அதைச் செந்தமிழாக மாற்றாதீர்கள்.

ஆறு பேரில் மூவர் ஆட்ட, இருவர் பேச, ஒருவர் தாளமும் சத்தமும். ஆட்டுபவரே பேசினால் குரல் திரைக்குள்ளேயே அமுங்கும். ஒரு மைக்கைத் திரையின் பக்கவாட்டில் நிறுத்துங்கள். ஒலிபெருக்கிப் பெட்டிகள் மைக்கைவிட முன்னால், கூட்டத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். பின்னால் போனால் கீச்சென்று அலறும். இடி, மழைக்குத் தகரமும் தட்டில் உருட்டும் அரிசியும் போதும். கைப்பேசியில் பதிந்த சத்தத்தைச் சரியான நொடியில் தட்டப் பிள்ளைகளால் முடிவதில்லை.

கண்காட்சி

நிகழ்ச்சியன்று மாலை தொடங்கி மூன்று நாள், பள்ளி வராந்தாவில், மாலை 5 முதல் 8 வரை. காலையில் வைத்தால் கூலிவேலைக்குப் போகும் பெற்றோர் பார்க்கவே முடியாது. சுண்ணாம்புச் சுவரில் டேப் ஒட்டாது, ஒட்டினாலும் இரவு ஈரத்தில் விழும். தூணுக்குத் தூண் கயிறு கட்டி, பிள்ளைகள் வரைந்த படங்களைத் துணிக் கிளிப்பில் தொங்கவிடுங்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 130 சென்டிமீட்டரில் இருந்தால் பெரியவர், சிறியவர் இருவருக்கும் எட்டும். இரண்டு படைப்புக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி. பாவைகளை ஜன்னல் கம்பியில் கட்டி, பின்னால் பட்டர் பேப்பர் ஒட்டி, அறைக்குள் ஒரு விளக்கைப் போடுங்கள். தோல்பாவையின் அழகு ஒளி ஊடுருவும்போதுதான் தெரியும், அட்டைப் பாவையில் வெட்டிய துளைகளும் அப்படியே.

எல்லாப் பிள்ளைகளின் வேலையும் தொங்க வேண்டும். சிறந்தவை என்று பொறுக்கினால், விடுபட்ட பிள்ளையின் அம்மா வந்து தேடிவிட்டு ஏமாற்றத்தோடு திரும்புவார். முதல் பென்சில் வரைவையும் கிழிந்துபோன முதல் பாவையையும் முடிந்த பாவையோடு சேர்த்து வையுங்கள். பெயர், வகுப்பு, எதில் செய்தது என்ற மூன்று வரியைப் பிள்ளையே கையால் எழுதட்டும், இரண்டு சென்டிமீட்டர் எழுத்தில்.

அந்த மாலை

ரேஷன் கடை, பால் சொசைட்டி, டீக்கடை ஆகிய மூன்று இடத்திலும் ஒரு வாரம் முன்பே கையெழுத்துச் சுவரொட்டி ஒட்டுங்கள். ஆட்டம் 7 மணிக்கு, அதற்குமுன் இருட்டியிருக்காது. நான்கு மணிக்குத் திரை கட்டி முடிந்திருக்க வேண்டும், ஐந்து மணிக்குக் குழுவுக்கு ஒரு காட்சி மட்டும் ஒத்திகை, ஆறு மணிக்குப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு. வராந்தா விளக்குகளை யார் அணைப்பது என்று ஓர் ஆளின் பெயரைக் குறித்துவையுங்கள். தெருவிளக்கு திரையில் விழுந்தால் இடத்தையே மாற்ற வேண்டும் என்பதால் முந்தின நாள் இரவே வந்து பாருங்கள். சிறப்பு விருந்தினர் பேச்சு ஆட்டத்துக்குப் பிறகு, ஐந்து நிமிடம். முன்னால் வைத்தால் சின்னப் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். முடிந்ததும் ஊரார் அத்தனை பேரையும் திரைக்குப் பின்னால் கூட்டிவந்து காட்டுங்கள், ஆட்டிய பிள்ளைகளே விளக்கட்டும்.

கண்காட்சி முடிந்ததும் பாவைகள் பிள்ளைகளுக்கே. கைக்குச்சியைக் கழற்றி, இரண்டு அட்டைக்கு நடுவே தட்டையாக வைத்து, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தனுப்புங்கள். வேட்டி, பல்பு, வயர், கதைத் தாள்கள் எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பள்ளியிலேயே விடுங்கள். அடுத்த ஆண்டு எட்டாம் வகுப்பு ஆசிரியர் நீங்கள் இல்லாமலே தொடங்க அது வேண்டும்.