கடை வெப்சைட் கூகுளில் தெரிய வேண்டுமா?

வெப்சைட் இருந்தும் கூகுளில் தேடினால் உங்கள் கடை வரவில்லையா? முதலில் பிரவுசர் டேபில் பக்கத்தின் தலைப்பு என்னவென்று பாருங்கள். பல கடைகளுக்கு வெறும் 'ஹோம்' என்றுதான் இருக்கும். அதை 'சென்னிமலை பெட்ஷீட் மொத்த விற்பனை, ஈரோடு' என்பதுபோல, பொருளும் ஊரும் வரும்படி மாற்றுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்பு வேண்டும். அப்புறம், விலைப்பட்டியலை போட்டோவாக மட்டும் போடாமல் டைப் செய்தும் போடுங்கள். எதைத் தேடியவர்களுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது என்பதை வெப்சைட் வைத்திருப்பவர்களுக்காக கூகுள் தரும் 'சர்ச் கன்சோல்' என்ற கருவியில் இலவசமாகவே பார்க்கலாம்.

'மெட்டா கீவேர்டு' (பார்ப்பவர் கண்ணில் படாமல் பக்கத்தின் கோடுக்குள் எழுதிவைக்கும் தேடல் சொற்கள்) சேர்த்துத் தருகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். தரவரிசைக்கு அதைக் கணக்கில் எடுப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. இன்னமும் அதற்கு பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்!